ஒரு வருடப் பயிற்சியாளர்களின் பச்சைக் கோட்டு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறியது போல் இருக்கும். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன் நான். சிறிய ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். பிழைகளை அச்சுக்குக் கொடுப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் சங்க மலருக்கு எழுதும்படி சித்திரை மாதமே என்னிடம் கேட்டார். "அண்ணை, டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் எழுதினது போதும். நீங்கள் வேலையால நிண்டிட்டியள்தானே, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் இருக்கும் அறையில் பேசவே எனக்குக் கூச்சம். நாற்பது பேர் படிக்க எதை எழுதுவது? ஆனால் கடந்த வாரம் ஒருவர் எனக்கு வாசித்துச் சொன்ன இங்கிலீசுப் பத்திரிகை ஒன்று என்னைப் பேனா எடுக்க வைத்துவிட்டது. இந்த வருடம் நாடு முழுவதற்குமான கூடைப்பந்துப் போட்டி தொடங்கியிருப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஆடும் கிளப்புகள் புதியவர்களைத் தலைமைப் பயிற்சியாளர்களாக எடுக்கின்றனவாம். ஒரு வருட ஒப்பந்தத்தில். அதற்குப் பத்திரிகைக்காரன் போட்ட தலைப்பு, "புதியவர்களுக்கு வாய்ப்பளிக்கும் கிளப்புகள்".

வாய்ப்பாம். அந்த வாய்ப்பு எப்படி இருக்கும் என்று என் கையால் தைத்தவன் நான்.

என் தொழில் தையல். பதினொரு வயதில் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு தையற்கடையில் விட்டார்கள். இரண்டு வருடம் சட்டைகளுக்குத் தெறி கட்டினேன், பொத்தான் தைப்பதுதான். மூன்றாவது வருடம் முதலாளி என்னைக் கோட்டு வெட்ட விட்டார். முதல் கோட்டின் தோளைக் கெடுத்தேன். அவர் என்னைத் திட்டினார், ஆனால் கடையைவிட்டுக் கலைக்கவில்லை. இரண்டாவதை வெட்டத் தந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன். முப்பது வயதுவரை அங்கேயே தைத்தேன். அதன் பின்பு கப்பலில் பதின்மூன்று வருடம், துணி துவைக்கவும் கிழிந்ததைத் தைக்கவும். எழுபத்து மூன்றில் சிட்னித் துறைமுகத்தில் குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கப்பல் போய்விட்டது. நான் நின்றுவிட்டேன்.

மெரிலேண்ட்ஸில் ஒரு அறையில், சிவம் என்ற நம்மவருடன் தங்கினேன். அவர் ரயில் பட்டறையில் வேலை செய்தார். அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் ஒரு கூடைப்பந்துக் கிளப். பெயர் வேண்டாம். அங்கே எனக்கு வேலை கிடைத்தது. உடுப்புத் துவைப்பது, இலக்கம் தைப்பது, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பலகைத் தரையைத் துடைப்பது. தரையைத் தும்புத்தடித் துடைப்பத்தால் துடைத்தால் போதாது, வியர்வை விழுந்த இடத்தை முழங்காலில் இருந்து ஈரத்துணியால் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆறரை அடி மனிதன் வழுக்கி விழுவான். என் முழங்கால்கள் போனது அப்படித்தான். ஐம்பது வயதில் நான் ஓய்வுபெற்றவன் ஆனதும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் ஆடுகிறவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை செய்கிறவர்கள். தபால்காரன், தச்சன், வங்கி எழுத்தர். சம்பளத்துக்கென்று இருந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஆட்டக்காரன், பயிற்சியாளர், மனேஜர், நான். மனேஜர் மிஸ்டர் ஹாலம். பழைய கார்கள் விற்கிறவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நீங்கள் ஏதாவது கேட்கப் போனால், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கடிகார முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்தால் அவருக்கு உங்களிடம் ஏதோ வேலை இருக்கிறது, நேரம் இருக்கிறது. முகம் மேலே தெரிய வைத்தால், சீக்கிரம் முடித்துக்கொண்டு போ என்று அர்த்தம். நான் போகும்போது எப்போதும் மேலேதான்.

ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் போகத்தான் வேண்டும். என்னுடைய தங்கும் அனுமதியை நீட்டிக்க, இந்த மனிதன் எங்களிடம் வேலை செய்கிறான் என்று ஒரு கடிதம் வேண்டும். அதில் ஹாலம் கையெழுத்திட வேண்டும். என் மனைவி மகேஸ் ஊரில் இருந்தாள். அனுமதி நிரந்தரமானால்தான் அவளைக் கூப்பிடலாம். ஆறு மாதம் ஆறு மாதமாக வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். உட்கார ஒரு கதிரை வாங்கக்கூட மனம் வராது. ஒரு வருட ஒப்பந்தப் பேப்பரில் வரும் பயிற்சியாளர்களைப் பார்க்கும்போது எனக்கு மற்றவர்களுக்குத் தெரியாதது தெரிந்தது என்றால், அதனால்தான்.

இப்போது கோட்டு.

கிளப்பின் நிறம் பச்சை. தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தன்று பச்சைக் கோட்டுப் போட வேண்டும். இடது மார்பில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள் மஞ்சள் நூலில், இரண்டு விரல் உயரத்தில். நான் சேர்ந்த முதல் வாரமே ஹாலம் ஒரு கோட்டைத் தூக்கிப் போட்டார். "இதிலை இருக்கிற எழுத்தைப் பிரிச்சுப்போட்டுப் புது ஆளின்ரையைத் தை" என்றார். அவர் பேசியது இங்கிலீசில்தான். எனக்கு ஞாபகத்தில் நிற்பது என் தமிழில், அப்படியே எழுதுகிறேன்.

பிளேடு வைத்துப் பிரித்தேன். அடியில் வேறு எழுத்துகளின் துளைகள் இருந்தன. அதற்கும் அடியில் இன்னும் ஒன்று. நல்ல கம்பளித் துணி என்றால் ஈரத்துணி போட்டு அழுத்தினால் துளை மூடும். இது நைலோன் கலந்த மலிவுத் துணி. மூடாது. முதற்தடவை தலைமைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வருடம்தான், அவர்களுக்குப் புதுக் கோட்டு வாங்குவது வீண் என்பது கிளப்பை நடத்தும் கமிற்றியின் எண்ணம். பெரிய பெயர் உள்ள ஆள் வந்தால் மட்டும் புதுக் கோட்டு.

எழுபத்து மூன்றில் வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கழிவறையில் வாந்தி எடுப்பார். வருட முடிவில் அனுப்பினார்கள். எழுபத்து நான்கில் வந்தவர் அதே கிளப்பில் ஆடியவர், நல்ல மனிதன். அணித் தலைவன் பிரையனைத் தவிர எல்லாரையும் திட்டுவார். பிரையனின் மாமன் கமிற்றியில் இருந்தார். அந்தப் பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். இரண்டு தடவையும் எழுத்தைப் பிரித்தது நான். துவைக்கப் போட்ட உடுப்பில் சட்டைப்பையைப் பார்ப்பது போல, ஒரு யோசனையும் இல்லாமல் பிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

எழுபத்தைந்தில் ஆர்விட் வந்தார்.

லத்வியாவில் பிறந்து, போர் முடிந்து அகதியாகப் பதின்ம வயதில் மெல்பேர்னுக்கு வந்தவர். பதினொரு வருடம் மெல்பேர்னில் வேறு வேறு தலைமைப் பயிற்சியாளர்களுக்கு உதவியாளராக இருந்தவர். அவர் வரைந்து கொடுத்ததைத்தான் அவர்கள் ஆடினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தலைமையாக இருந்ததில்லை. ஆகையால் "புதியவர்". நாற்பத்து நான்கு வயதுப் புதியவர். சின்ன உருவம். கோட்டின் கையை இரண்டு அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கையைக் குறைக்கும்போதுதான் அது நடந்தது. ஹாலத்தின் அறையில் ஆர்விட் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் கீழே குந்தி, வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, கையின் விளிம்பை மடித்துக் குத்துகிறேன். ஒப்பந்தம் மேசையில் கிடக்கிறது. ஹாலத்தின் கடிகாரம் கவிழ்ந்து கிடக்கிறது.

"முதல் நாலு இடத்துக்குள்ள கொண்டுவந்து விடு ஆர்விட். பிறகு இன்னும் ரெண்டு வருசம் உனக்கு. அது என்ர வாக்கு" என்றார் ஹாலம்.

"அதையும் பேப்பரிலை போடலாமே?" என்றார் ஆர்விட்.

ஹாலம் சிரித்தார். "முதல்தரம் தலைமைக்கு வாற ஆளுக்குக் கமிற்றி ஒரு வருசத்துக்கு மேல எழுதாது. அது எங்கட வழக்கம். நாங்கள் இஞ்ச ஒரு குடும்பம் மாதிரி. கையைத் தா."

ஆர்விட் கையைக் கொடுத்தார். நான் குத்திக்கொண்டிருந்த கை அது. ஊசி அவருடைய மணிக்கட்டில் ஏறி ஒரு பொட்டு இரத்தம் வந்தது. மன்னிப்புக் கேட்க என் வாயில் இடமில்லை. ஆர்விட் என்னைக் குனிந்து பார்த்து, "நல்லது, இரத்தத்தாலயே கையெழுத்து வைச்சாச்சு" என்றார். ஹாலம் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த வாக்குக்கு ஒரு சாட்சி இருக்கிறது என்று அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆர்விட் குடும்பத்தை மெல்பேர்னிலேயே விட்டு வந்தார். ஒரு வருடப் பேப்பரைக் காட்டினால் யாரும் அவருக்கு நல்ல வீடு வாடகைக்குத் தரவில்லை. கராஜுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தார். அது சிறிய விஷயம். பெரிய விஷயம் முதல் நாள் பயிற்சியிலேயே வந்தது. அவர் பந்தை எடுக்க விடவில்லை. இருபது நிமிடம் பந்து இல்லாமல், யார் எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று நடக்கவிட்டார். பிரையன் நடுத்தரையில் நின்று, எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்:

"கோச், இதைப் படிக்க எவ்வளவு நாள் செல்லும்?"

"ஒரு வருசம் செல்லும். அடுத்த வருசம் ஆட வரும்."

"அடுத்த வருசம் நீங்கள் இருக்க மாட்டியளே. அப்ப வேற ஆள் வந்து வேற பாடம் எடுப்பான். நான் ஏன் மினக்கெட வேணும்?"

பையன்கள் சிரித்தார்கள். பிரையன் கெட்டவன் அல்ல. இருபத்தேழு வயதுத் தபால்காரன். ஒரு வருடப் பேப்பர் ஆட்டக்காரர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறதோ அதைத்தான் சொன்னான். இந்த மனிதன் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை, இவனைவிட நாங்கள் அதிக நாள் இங்கே இருப்போம் என்று அந்தப் பேப்பர் சொல்கிறது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, நீந்திக் காட்டு என்று கேட்பதுதான் அது.

கூடைப்பந்தில் ஸ்கிரீன் என்று ஒன்று உண்டு. எதிராளி ஓடிவரும் வழியில் நம் ஆள் ஒருவன் போய்ச் சுவர் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். எதிராளி அவனில் மோதித் தாமதிக்கும் நேரத்தில் மற்றவன் பந்துடன் தப்பி ஓடுவான். நிற்கிறவன் துளி அசைந்தாலும் தப்பு. எங்கள் ஆட்களுக்கு நிற்கப் பொறுமையில்லை. ஒரு நாள் ஆர்விட் கோபத்தில் சுற்றிப் பார்த்தார். நான் மூலையில் துணியுடன் நின்றேன்.

"துரை, இஞ்ச வா. தரையிலை போட்டிருக்கிற இந்தக் கோட்டிலை நில். அசையாதை."

போய் நின்றேன். ஐந்தடி நான்கங்குலம். ஆறடி நான்கங்குல பிரையன் என் தோளை உரசிக்கொண்டு ஓட வேண்டும். முதல் தடவை என்னைத் தள்ளி விழுத்தினான். எழும்பி அதே இடத்தில் நின்றேன்.

"பாருங்கோ! நான் வைச்ச இடத்திலை நிக்கிற ஒரே ஆள் எங்கட தையல்காரன்தான்" என்று கத்தினார் ஆர்விட். அன்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் கால் மணி நேரம் நான் தூண். வெட்கத்தில் எனக்குக் காது சுடும். ஆனாலும் அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் காத்திருப்பேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. பார்க்க வந்தவர்கள், "கோட்டைக் கழட்டு, கோட்டைக் கழட்டு" என்று கத்தினார்கள். ஆறாவதில் வெற்றி. பிறகு ஒன்று தோல்வி, இரண்டு வெற்றி. ஆடி மாதத்தில் ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டோம். பந்து இல்லாமல் நடந்ததெல்லாம் இப்போது பந்துடன் ஓடத் தொடங்கியது. தரையைத் துடைக்கிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். முன்பு வியர்வை நடுத்தரையில் கண்டபடி கிடக்கும். இப்போது அவர் சொன்ன மூலைகளில் மட்டும் கிடந்தது.

அந்த மாதம் ஆர்விட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மெல்பேர்னில் ஒரு தொழிற்கல்விப் பள்ளிக்கூடம், விளையாட்டு ஆசிரியர் வேலை, நிரந்தரம். தை மாதத்தில் தொடங்க வேண்டும். ஆவணி முதல் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். துவைக்கும் அறையில் என்னிடம் வாசித்துக் காட்டினார்.

"மனுசி ஓம் எண்டு சொல்லச் சொல்லுறா. நான் இல்லையெண்டு எழுதப் போறன், துரை. இன்னும் ஒரு இடம்தான். பதினொரு வருசம் மற்றவனுக்குப் பின்னால இருந்திட்டன். ஹாலம் கை தந்தவர்."

நான் தலையை ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்து ஹாலம் என்னைக் கூப்பிட்டார். கடிகாரத்தைக் கழற்றி, கவிழ்த்து வைத்தார். மூன்று வருடத்தில் எனக்கு முதல் தடவை. மேசையில் ஒரு பெட்டி. திறந்தால் புதுப் பச்சைக் கோட்டு. அசல் கம்பளி. பெரிய அளவு, நாற்பத்தாறு மார்பு. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எழுத்துகள். டி. எம்.

"அடுத்த வியாழனுக்குள்ள தைச்சு வை. படம் பிடிக்க ஆள் வருது. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். பிறகு கைக்கு அருகில் இருந்த தாளைத் தொட்டுக் காட்டினார். "உன்ர கடிதம் இஞ்சதான் கிடக்கு. சீசன் முடிய வைக்கிறன் கையெழுத்து."

டி. எம். யார் என்று கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு கிளப்புகளில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். போன வருடம் அவருடைய அணி கடைசி இடம். அது குற்றமில்லை. ஒருமுறை தலைமையாக இருந்தவன் தோற்றாலும் தலைமைப் பயிற்சியாளன். தலைமைக்குப் புதியவன் வென்றாலும் புதியவன். இன்னும் ஏழு ஆட்டம் இருக்கும்போது, கை கொடுத்த மனிதன் ஐந்தாம் இடத்தில் நிற்கும்போது, அடுத்தவனுக்குக் கோட்டு வாங்கியாகிவிட்டது.

அன்று இரவு குசினியில் சோறு போடும்போது சிவம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், நான் சொன்னேன்.

"உனக்கேன்டாப்பா உந்த வேலை?" என்றார். "அவன் வெள்ளைக்காரன். இஞ்ச இல்லாட்டி இன்னொரு இடத்திலை பிழைப்பான். உன்னை நாளைக்குக் கப்பலேத்திவிட்டா மகேசுக்கு என்ன எழுதப் போறாய்? ஒரு கோச்சுக்காக வாயைத் திறந்தனான் எண்டோ?"

"நான் எங்க வாயைத் திறக்கிறன்?"

"அதுதான் நல்லது. நீ வாய் திறக்காததாலதான் இவ்வளவு நாளும் தப்பினனி. சோறு ஆறுது, சாப்பிடு."

வாய் திறக்க மாட்டேன் என்று அவருக்குச் சொன்னேன். அதைக் காப்பாற்றினேன்.

எழுத்துகளைத் தைத்தேன். மூன்று மாலை எடுத்தது. கோபத்தில் தைத்தாலும் நன்றாகத்தான் தைத்தேன். கையால் கெட்ட வேலை செய்ய எனக்கு வராது. வியாழக்கிழமை வந்தது. மறுநாள் ஆர்விட் பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளி. பயிற்சி ஆறு மணிக்கு. வழக்கமாகப் பயிற்சியாளரின் கோட்டு உடுப்பறையில் முதல் ஆணியில் தொங்கும். அன்று படம் பிடிக்க வருகிறவர் அணியையும் எடுப்பார் என்று ஆர்விட்டையும் கோட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பழைய கோட்டை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். புதியதை அவருடைய ஆணியில் மாட்டினேன். மாட்டிவிட்டு, ஸ்கிரீனுக்கு நிற்பதுபோல ஒரு மூலையில் நின்றேன்.

ஆர்விட் பேசிக்கொண்டே வந்து, பாராமல் எடுத்துப் போட்டார். கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. விரல் நுனிகூடத் தெரியவில்லை.

"கோச் தோய்ச்ச சட்டை மாதிரிச் சுருங்கிப்போனார்!" என்றான் பிரையன். எல்லாரும் சிரித்தார்கள். ஆர்விட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மார்பைக் குனிந்து பார்த்தார்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். எழுத்து எல்லாருக்கும் தெரிந்தது.

"துரை, இது எனக்குப் பெரிசு" என்றார் மெதுவாக.

"ஓம்" என்றேன்.

"என்ர கோட்டு எங்க?"

பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அவர் புதியதைக் கழற்றினார். கசங்காமல் தோளோடு தோள் சேர்த்து மடித்தார், ஒரு தையல்காரன் மடிப்பது போல. பழையதைப் போட்டுக்கொண்டு, புதியதைக் கையில் ஏந்தி ஹாலத்தின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"மிஸ்டர் ஹாலம், இது உங்கட. உங்கட போனை ஒருக்கா எடுக்கலாமோ? மெல்பேர்னுக்கு."

இலக்கம் சுற்றும் சத்தம். பள்ளிக்கூட அதிபர் தன் வீட்டு இலக்கத்தைக் கொடுத்திருந்தார்.

"ஓம் சேர், நான் ஆர்விட். வாறன். தை மாதம் நிப்பன். நன்றி."

திரும்பி வந்தார். விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டார். "பந்தை வையுங்கோ. முதல் இருபது நிமிசம் நடை."

பிரையன் அசையவில்லை. "கோச், இனி ஏன் இந்தப் பாடு உங்களுக்கு?"

"சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. அதுக்கு. துரை, போய் நில்."

போய் நின்றேன். பிரையன் என் தோளை உரசிக்கொண்டு ஓடினான். அந்த வருடத்தில் முதல் தடவையாகச் சரியான கோணத்தில், ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல்.

அந்த ஏழில் ஐந்தை வென்றோம். கடைசி ஆட்டம் மெல்பேர்னில், ஆர்விட்டின் மனைவியும் பிள்ளைகளும் பார்க்க. நான்காம் இடம். ஹாலம் பத்திரிகைக்காரரிடம் சொன்னது, "எங்கட கிளப்பின்ர பொறுமைக்குக் கிடைச்ச பலன்." நான் அப்போது தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பொறுமை! இருபத்திரண்டு ஆட்டத்தில் பதினைந்தாவதிலேயே முடிவெடுத்தவர்களின் பொறுமை. அடுத்த வாரம் டி. எம்.மை அறிவித்தார்கள். மூன்று வருட ஒப்பந்தம், வீட்டு வாடகை, ஹாலத்தின் கடையிலிருந்து ஒரு கார். வாக்குக் கொடுத்தீர்களே என்று ஆர்விட் கேட்டாராம். "கமிற்றியிட்டைக் கேட்டுப் பாப்பம் எண்டுதான் சொன்னனான்" என்றாராம் ஹாலம். வாக்குக் கொடுத்தபோது நான் அந்த அறையில் இருந்தவன். ஊசிகள் வாயில்தான் இருந்தன, காதில் இல்லை.

டி. எம். மூன்று வருடம் ஆட வைத்தது ஆர்விட்டின் பாடத்தைத்தான். முதல் வருடம் தோற்றார். யாரும் கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை, மூன்று வருடப் பேப்பர் இருந்தது. இரண்டாம் வருடம் வென்றார். ஒரு மனிதனுக்கு வேலை பழகக் கொடுக்கிற காலத்தைத் தெரிந்தவனுக்குக் கொடுத்து, தெரியாதவனுக்கு மறுக்கிறார்கள். முதல் கோட்டைக் கெடுத்த எனக்குப் புறக்கோட்டை முதலாளி இரண்டாவதை வெட்டத் தந்தார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். இந்தக் கமிற்றியில் இரண்டு வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

என் கடிதம்? அதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹாலம் என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. அந்தச் சம்பளத்துக்கு முழங்காலில் நிற்க வேறு ஆள் இல்லை. நான் கேட்கப் போன ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தை மேலே தெரிய வைத்தார். "பாப்பம்" என்றார். கடிதம் அதே இடத்தில் கிடந்தது. புரட்டாதி முடிய என் அனுமதி முடிகிறது. நான் கோட்டை மாட்டியது தெரிந்ததிலிருந்து சிவம் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆர்விட்டின் ஒப்பந்தமும் அதே புரட்டாதி முப்பதாம் தேதி வரை. அன்று பிற்பகல் சாமான்களை எடுக்க வந்தார். துவைக்கும் அறைக்கு வந்து, "கடிதம் வந்ததோ?" என்று கேட்டார். நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. பிரையன் சொல்லியிருக்கிறான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அலுவலகத்துக்குப் போய்க் கிளப்பின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார். துணி மடிக்கும் மேசையில் வைத்து எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டினார்: நான் இந்தக் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். இந்த மனிதர் என் அணியில் வேலை செய்கிறார். இவர் இல்லாமல் பயிற்சி நடக்காது. கையெழுத்து, பதவி, தேதி.

"இண்டைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான்தான் தலைமைப் பயிற்சியாளர். அதுதான் பேப்பரிலை எழுதியிருக்கு. இண்டைக்காவது அந்தப் பேப்பர் ஒரு வேலைக்கு உதவட்டும்" என்றார்.

குடிவரவு அதிகாரி ஒரு தரம் வாசித்தார், முத்திரை குத்தினார். அடுத்த வருடம் அனுமதி நிரந்தரமானது. மகேஸ் வந்தாள்.

பழைய கோட்டை ஹாலம் கேட்டார், இரண்டாம் அணிப் பயிற்சியாளருக்கு எழுத்தை மாற்றச் சொல்லி. காணவில்லை என்றேன். என் வாழ்நாளில் நான் களவாக எடுத்த ஒரே பொருள் அது. எங்கள் அலுமாரியில் இருக்கிறது. ஏ. கே. என்ற ஆர்விட்டின் எழுத்துகளை யாரும் பிரிக்கவில்லை.

பத்திரிகை பேனாவை எடுக்க வைத்தது என்றால், இவ்வளவையும் எழுதி முடிக்க வைத்தது இது: நேற்று மாலை பிரையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆடுவதை விட்டுவிட்டான். நாடு தழுவிய போட்டியில் ஆடும் ஒரு கிளப் அவனைத் தலைமைப் பயிற்சியாளராகக் கேட்டிருக்கிறது. அவனுக்கு முதல் தடவை. ஒரு வருடப் பேப்பர். தபால் வேலையை விட வேண்டும். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். பேப்பரை என் கையில் தந்தான், எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது என்பதை மறந்து.

"வாயாலை என்ன சொன்னவங்கள்?" என்று கேட்டேன்.

அவன் முகம் சிவந்தது. "முதல் நாலுக்குள்ள வந்தா இன்னும் ரெண்டு வருசமாம்."

நான் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். எழுத்தைத் தடவினான். பிறகு அதைச் சுற்றியிருந்த துளைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினான். "அண்டைக்கு நான் அந்த மனுசனைக் கேட்ட கேள்வி..." என்று தொடங்கி நிறுத்தினான்.

வழக்கப்படி நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். கோட்டைத் தொங்கவிட்டு, மூலையில் நின்றிருப்பேன். ஆனால் நேற்று எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"பிரையன், அந்த ரெண்டு வருசத்தையும் பேப்பரிலை எழுதச் சொல்லு. எழுதினா வை கையெழுத்து. எழுதாட்டி அவங்களுக்கு இப்பவே தெரியும், நீ எப்ப போவாய் எண்டு. தபால் வேலையை விடாதை."

"எழுதச் சொன்னா வேற ஆளைப் பிடிப்பாங்கள், துரை. என்னை இன்னொருக்கா ஆர் கேட்பினம்?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள். பதினொரு வருடம் காத்திருந்தவனிடம், இது இல்லாவிட்டால் வேறொன்று வராது என்ற பயத்தை வாங்கி, அதற்கு வாய்ப்பு என்று பெயர் எழுதி விற்கிறார்கள்.

குசினியிலிருந்து மகேஸ் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, இந்த மனுசன் இவ்வளவு கதைக்குமோ?" என்றாள் தமிழில். பிரையனுக்கு விளங்கவில்லை. ஆனால் அவனும் அதையேதான் சொன்னான்: "துரை, உனக்குப் பேச வரும் எண்டு எனக்குத் தெரியாது."

தேநீரைக் குடித்து முடித்தான். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். என்ன முடிவெடுத்தான் என்று சொல்லவில்லை. நாளை திங்கட்கிழமை.

மெரிலேண்ட்ஸ்,
1979 மார்கழி (டிசம்பர்) 2, ஞாயிற்றுக்கிழமை.